உரம் இல்லாத உரக்கிடங்குகள்

தமிழ்நாட்டு நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ‘உரக்கிடங்கு’ என்றொரு சொல் அடிக்கடி வரும். நகராட்சி உரக்கிடங்கில் தீப்பிடித்தது, உரக்கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி மறியல் நடந்தது என்பது மாதிரியான செய்திகள். ஊர்க்காரர்கள் வாயில் அது ‘கம்போஸ்ட் யார்டு’. நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே உரம் இருக்காது. பிளாஸ்டிக் பைகள் மேலெல்லாம் துருத்திக்கொண்டிருக்கும் குப்பைமேடு இருக்கும். ஓரத்தில் புகை இருக்கும். நாய்களும் கொக்குகளும் இருக்கும். உரம் தயாராகாத இடத்துக்கு உரக்கிடங்கு என்று யாரும் கிண்டலுக்காகப் பெயர் வைக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே உண்மையாகவே உரம் தயாரானது. பக்கத்து ஊர் விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். உரம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பது வெறும் பழங்கதை ஆர்வம் அல்ல. இன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று ஒலிபெருக்கி வைத்துக் கேட்கிறார்களே, அந்தக் கோரிக்கை ஏன் பாதி இடங்களில் எடுபடுவதில்லை என்பதற்கான பதில் அதில் இருக்கிறது.

நான் இருப்பது ஆவடி – பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு. ஊர்ப்பெயரிலேயே ஒரு பயிர் இருக்கிறது. ஒரு பக்கம் பாசனத்துக்காக வெட்டிய ஏரி, இன்னொரு பக்கம் கூவம். 2019இல் ஏரியைச் சீரமைத்து நடைபாதையும் பூங்காவுமாகத் திறந்தார்கள். அதே ஆண்டுதான் ஆவடி மாநகராட்சியாகவும் ஆனது. கூவத்தின் குறுக்கே இங்கே ஓர் அணைக்கட்டு உண்டு. கூவத்தை மீட்கும் அரசுத் திட்டம் தன் வேலை எல்லையை வகுத்தபோது பருத்திப்பட்டு அணைக்கட்டில் தொடங்கிக் கடல் முகத்துவாரம் வரைக்குமான சுமார் 32 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டது. அதாவது, சீர்செய்ய வேண்டிய நதி இங்கிருந்து தொடங்குகிறது என்று காகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நகரம் கிராமத்தோடு முட்டும் இடம் இது. குப்பை எப்போது உரமாக இருந்தது, எப்போது வெறும் குப்பையானது என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

குப்பை என்ற சொல்

பழந்தமிழில் குப்பை என்றால் கழிவு என்று மட்டும் பொருளல்ல. குவியல் என்று பொருள். நெல்லைக் குவித்தால் அதுவும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊரே இருக்கிறது. அந்தப் பெயரில் இழிவு எதுவும் இல்லை, செல்வம்தான் இருக்கிறது. கிராமத்தில் இன்றைக்கும் ‘வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?’ என்று கேட்டால் தொழுவுரம் கொண்டுபோய்ப் போட்டாகிவிட்டதா என்றுதான் அர்த்தம். வீட்டுக் கூட்டல், சாணம், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல் எல்லாம் புழக்கடை எருக்குழிக்குப் போகும். கோடையில் அதை வெட்டி எடுத்து வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். ஏரி வற்றினால் அதன் வண்டலும் அதே வயலுக்குப் போகும். வள்ளுவர் உழவு அதிகாரத்தில் உழுவதைக் காட்டிலும் எரு இடுவது மேல் என்று சொல்கிறார். எரு என்பது பிழைப்புக்கான மூலதனமாக இருந்த சமூகத்தின் கணக்கு அது.

நகரத்து வீடுகளில் எருக்குழி கிடையாது. ஆனால் வேறொன்று இருந்தது. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வளர்ந்தவர்களுக்குக் ‘கழனித்தண்ணி’ தெரிந்திருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், மிஞ்சின சோறு எல்லாவற்றையும் சமையலறை ஓரத்தில் ஒரு பாத்திரத்தில் சேர்த்து வைப்பார்கள். மாடு வைத்திருப்பவர் வீட்டிலிருந்து ஆள் வந்து, ‘கழனித்தண்ணி இருக்காம்மா?’ என்று கேட்டு வாளியில் ஊற்றிக்கொண்டு போவார். அதில் சோப்புத் தண்ணீர் கலக்கக் கூடாது, பிளேடு விழக் கூடாது, எலுமிச்சைத் தோல் நிறையப் போடக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லை. மாடு குடிக்கப்போகிறது என்பதே போதுமான சட்டம். மாடு கன்று ஈன்றால் கழனித்தண்ணி கொடுத்த வீடுகளுக்குச் சீம்பால் வரும். குப்பை கொடுத்ததற்கு வந்த ரசீது என்று அதைச் சொல்லலாம்.

இன்றைய அதிகார மொழியில் இதற்குப் பெயர் ‘மூலத்தில் தரம் பிரித்தல்’, ‘வீடுதோறும் சேகரித்தல்’. இரண்டும் இங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருந்தன. அது நடந்ததற்கு இரண்டு காரணங்கள்: பிரித்து வைக்க ஒரு கை இருந்தது, வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு வாய் இருந்தது. பின்னால் வந்த எல்லாத் திட்டங்களையும் இந்த இரண்டையும் வைத்து உரசிப் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இந்தூரில் நடந்தவை

இந்தியாவின் எரு பற்றி ஆங்கிலேய அரசு தீவிரமாக யோசிக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1889இல் இங்கே வந்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவன் எருவின் அருமை தெரியாதவன் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. விறகு கிடைக்காததால்தான் சாணத்தை எரிக்கிறார்கள், அறியாமையால் அல்ல என்று எழுதினார்.

அடுத்த கட்டம் இந்தூரில். அங்கே முதலில் வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ். 1915இல் சென்னையில் தன் நகரமைப்புக் கண்காட்சியை நடத்தியவர் அவர். 1918இல் இந்தூர் சமஸ்தானத்துக்கு நகரத் திட்ட அறிக்கை தந்தார். பிளேக் பயத்தில் இருந்த அந்த ஊரில் தீபாவளியை ஒட்டி ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதை வழக்கம் தீர்மானிக்காது, எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அதன் வழியாகப் போகும் என்று அறிவித்தார். அழுக்கு ஓர் அரக்கனாகவும் பிளேக் ஒரு ராட்சத எலியாகவும் ஊர்வலத்தில் வந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள் புது வெள்ளையுடையில், மாலை மரியாதையோடு நடந்தார்கள். ஊரே தன்னைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டது. ஒரு நாள் மரியாதைதான். ஆனாலும் நகரச் சுத்தத்தைப் பற்றி யோசித்தவர்களில் கூட்டுகிறவரை ஊர்வலத்தில் முன்னிறுத்தத் தோன்றியவர்கள் ரொம்பக் குறைவு.

அதே இந்தூருக்கு 1924இல் ஆல்பர்ட் ஹோவார்ட் வந்தார். 1905 முதல் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர். 1931 வரை இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிலையத்தை நடத்தினார். உடன் பணியாற்றிய வேதியியலாளர் யஷ்வந்த் வாடும் அவரும் சேர்ந்து 1931இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் ‘இந்தூர் முறை’ உலகத்துக்குத் தெரிந்தது. கம்போஸ்ட் பற்றி இன்று எந்த மொழியில் எந்தக் கையேட்டை எடுத்தாலும் அடியில் இந்தூர் இருக்கும்.

முறை எளிது. செடி கொடிக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றைக் கலந்து குவிக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும், காற்றும் இருக்க வேண்டும். அவ்வப்போது புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் உரம். இதன் உள்விஷயம் கலவை விகிதம். நுண்ணுயிர்கள் தின்று பெருக ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 30 பங்கு கரிமம் வேண்டும். காய்ந்த இலையில் கரிமம் அதிகம், அது தனியாகக் கிடந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம், அது தனியாகக் கிடந்தால் அழுகி நாறும். இரண்டும் சேர்ந்தால் குவியல் உள்ளுக்குள் சூடாகி அறுபது டிகிரியைத் தொடும். களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் போய்விடும்.

ஹோவார்ட் இதைச் சூனியத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. சீன, ஜப்பானிய, கொரிய உழவர்களைப் பற்றி அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங் எழுதி 1911இல் வெளிவந்த புத்தகத்தைப் படித்திருந்தார். இந்திய உழவர்களிடமிருந்து கற்றதை மறைக்கவும் இல்லை. எருக்குழிக்கு ஓர் அளவும் ஒழுங்கும் கொடுத்தார் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பெங்களூரிலிருந்து நகராட்சிக்கு

இந்தூர் முறை மாடும் வயலும் உள்ள பண்ணைக்கானது. நகரத்துக்கு என்ன வழி? அந்தக் கேள்விக்கு 1939இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா ஒரு பதில் கொடுத்தார். அதுதான் ‘பெங்களூர் முறை’. மூன்றடி ஆழத்துக்கு நீளமான குழிகள். அடியில் ஆறு அங்குலம் வீட்டுக் குப்பை, அதன்மேல் இரண்டு அங்குலம் மனித மலம், திரும்பவும் குப்பை, திரும்பவும் மலம் என்று அடுக்கு அடுக்காகப் போட்டு, கடைசியில் குப்பையால் மூடி மண் போட்டுவிட வேண்டும். புரட்ட வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் உள்ளே சூடு ஏறும். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் நாற்றமில்லாத உரம். ஊர் எல்லையிலிருந்து அரை மைலாவது தள்ளி இருக்க வேண்டும், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஏற்றது என்று பொது சுகாதாரப் பாடநூல்கள் இன்றும் எழுதுகின்றன.

அப்போது உலகப் போர். 1943இல் வங்கத்தில் பஞ்சம். ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தை அரசு முடுக்கியது. உரத்துக்கு வழியில்லாத அரசு ஊர்க் குப்பையைப் பார்த்தது. நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஊருக்கு வெளியே நிலம் எடுத்து வரிசையாகக் குழி வெட்டின. அந்த நிலங்கள்தான் நம் உரக்கிடங்குகள்.

இந்தக் காலத்தில் எருவைப் பொருளாதாரமாகவே யோசித்த ஒரு தமிழர் உண்டு: தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கணக்காளர், காந்தியின் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ நூலின் வாதத்தைச் சுருக்கினால், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பாத வாழ்க்கை நிலைக்காது என்பதுதான். 1947 டிசம்பரில் மீராபென் முயற்சியில் டில்லியில் அகில இந்திய கம்போஸ்ட் மாநாடு ஒன்றும் நடந்தது. விடுதலை கிடைத்து நான்கே மாதம், நாடு பிரிவினை ரத்தத்தில் கிடக்கிறது. அந்த நேரத்திலும் எருவைப் பற்றிப் பேச அவர்கள் உட்கார்ந்தார்கள்.

இதை ஒரு பொற்காலம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. பெங்களூர் முறைக்கு மலம் வேண்டும். அந்த மலம் எடுப்புக் கக்கூஸ்களிலிருந்து கூடையிலும் வாளியிலும் வந்தது. அதைத் தலையில் சுமந்தது இன்னின்ன சாதி என்று ஊருக்கே தெரியும். ஒரு பக்கம் வயலுக்கு வளம், இன்னொரு பக்கம் மனிதரின் தலையில் வழியும் மலம். இந்த முறையின் மலிவுக்குப் பின்னால் இருந்தது அந்த மனிதர்களின் விலையில்லாத அவமானம். எடுப்புக் கக்கூஸ் ஒழிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறை பரவப் பரவ, பெங்களூர் முறைக்கான பாதிப் பொருள் நின்றுபோனது. நின்றது நல்லது. ஆனால் அந்த இடத்தில் வேறொரு முறையைக் கொண்டுவர நகராட்சிகள் மெனக்கெடவில்லை. வண்டி மட்டும் வழக்கம்போல அதே இடத்துக்குப் போய்க் கொட்டியது.

வாங்க ஆளில்லாமல் போனது

கொடுக்கும் பக்கம் இப்படி மாறியபோது வாங்கும் பக்கமும் மாறியது. பசுமைப் புரட்சியோடு மானிய விலையில் யூரியா மூட்டை வந்தது. ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்துவிடலாம். குப்பை என்றால் பத்து வண்டி அடிக்க வேண்டும். கூலி ஏறியபோது விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மாடு குறைந்து டிராக்டர் வந்ததும் வண்டியும் போனது.

எங்கள் பக்கத்தில் வயலே போனது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்து சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தொழிற்சாலை, குடியிருப்பு, பிறகு வீட்டுமனை. ஏரிப் பாசன நிலங்கள் நகர்களாகவும் அவென்யூக்களாகவும் ஆயின. ஏரி இருக்கிறது, ஆயக்கட்டு இல்லை. எரு இருந்தாலும் போட இடம் எங்கே? மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். கழனித்தண்ணி கேட்டு யாரும் வருவதில்லை. சமையலறையில் அந்தப் பாத்திரம் இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கூடை வந்தது. அதில் காய்கறித் தோலோடு ஷாம்பு பாக்கெட்டும் விழுந்தது.

கலந்த குப்பையை இயந்திரம் பிரித்துவிடும் என்று 1970களில் ஒரு நம்பிக்கை இருந்தது. மத்திய அரசின் உதவியோடு பெருநகரங்களில் இயந்திர உரத் தொழிற்சாலைகள் கட்டினார்கள். பெரும்பாலானவை தோற்றன. வெளிவந்த உரத்தில் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் இருந்தன. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் அதை எதற்கு வாங்குவார்? ஒருமுறை கலந்ததைப் பிறகு பிரிப்பது, பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது மாதிரிதான்.

பாரிஸ் நகரம் இதை நமக்கு முன்பே அனுபவித்திருக்கிறது. 1883இல் அதன் நிர்வாகத் தலைவர் யூஜின் பூபெல், ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்: மக்குவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று நாம் பேசுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய உத்தரவு. பிரிப்பது நிலைக்கவில்லை, தொட்டி நிலைத்தது. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு அவர் பெயர்தான். அங்கேயும் பெயர் தங்கியது, காரியம் போய்விட்டது.

எடை யார் கணக்கில்?

சென்னையில் திரும்பவும் வீட்டு வாசலிலிருந்து தொடங்கியவர்கள் குடியிருப்போர்தான். 1989இல் வங்கி அதிகாரியாக இருந்த எம். பி. நிர்மல் எக்ஸ்நோரா அமைப்பைத் தொடங்கினார். தெருக்காரர்கள் கூடி ஒரு மன்றம் வைப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டுவார்கள். ஒரு மூன்று சக்கர வண்டியும் ஒரு ஆளும். அந்த ஆளுக்குத் ‘தெருவை அழகாக்குபவர்’ என்று பெயர் கொடுத்தார்கள். பல தெருக்களில் பிரித்து வாங்குவதும் உரமாக்குவதும் தொடங்கியது. பல்லாவரத்தை அடுத்த பம்மலில் 1994இல் சங்கரா நகர்ப் பெண்கள் மன்றமாகச் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினார்கள். மங்களம் பாலசுப்பிரமணியன் அதை முன்னின்று நடத்தினார். வீடு வீடாக வாங்கி மண்புழு உரம் தயாரிக்கும் அவர்கள் முயற்சி பின்னால் பம்மல் முழுக்க விரிந்து, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கும் மாதிரியானது.

2000இல் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்று நாம் அழைத்த பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சீருடை, புது வண்டி, இரவில் பெருக்கல் என்று நகரம் பளிச்சென்று ஆனது உண்மை. 2007 வரை அந்த ஒப்பந்தம் ஓடியது. பணம் டன் கணக்கில். அந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். குப்பையிலேயே கனமானது அதுதான். டன்னுக்குக் காசு என்றால், நாலு பேர் வீட்டிலேயே உரம் போட்டால் அந்த எடை யாருக்கோ நஷ்டம். எந்த நிறுவனம் எடுத்து நடத்தினாலும் இதுதான் நிலை. குறை ஒப்பந்தத்தின் அமைப்பில் இருந்தது. தெரு மன்றத்தின் கணக்கில் குப்பை குறைந்தால் லாபம்; டன் கணக்கில் குப்பை கூடினால் லாபம். இரண்டும் ஒரே ஊரில் ஓடினால் எது தேயும்? 2020இல் சென்னை பெரும்பகுதியைப் புதிதாக ஒப்படைத்தபோது வெறும் எடையை விட்டு, வேலைத்தர அளவுகோல்களுக்கு மாறியது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

தென் கொரியா எடையை வேறு இடத்தில் வைத்தது. 2005இல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைப்பதைத் தடை செய்தார்கள். 2013 முதல் வீட்டார் தாங்கள் போடும் உணவுக் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் கட்டுகிறார்கள். அபார்ட்மென்ட் வாசலில் உள்ள தொட்டி அட்டையைக் காட்டினால் திறக்கும், எடை போடும், கணக்கில் ஏற்றும். அங்கே எடை குறைந்தால் வீட்டுக்கு லாபம். தராசு ஒன்றுதான், யார் பக்கம் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது கேட்க வேண்டியது

அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பலனாக 2000இல் நகரக் குப்பைக்கான விதிகள் வந்தன. 2016இல் அவை திருத்தி எழுதப்பட்டன. பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை என்று 2016 விதிகள் தெளிவாகக் கூறின. தமிழ்நாட்டு ஊர்களில் நுண் உர மையங்கள் வந்தன. பேரூராட்சிகளில் ‘வளம் மீட்புப் பூங்கா’ என்று பலகை வைத்தார்கள். எருக்குழி, உரக்கிடங்கு, குப்பைக்கிடங்கு, வளம் மீட்புப் பூங்கா: ஒரே பொருள் போகும் இடத்துக்கு நூறு வருஷத்தில் நான்கு பெயர். ஆவடிக் குப்பை சேக்காட்டில் பல ஆண்டுகள் குவிந்தது. சென்னையில் 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது. அடியில் காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேன் வாயுவைத் தரும். நெருப்புக்கு அதுவே தீனி. வயலில் பயிராக வேண்டியது வானத்தில் புகையாகப் போகிறது.

வீட்டில் உரம் போடுவது பெரிய வித்தை இல்லை. எங்கள் நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ சமையல் கழிவு வருகிறது. ஓட்டை போட்ட இரண்டு பெரிய மண்பானைகள். கழிவு ஒரு கை போட்டால் காய்ந்த இலையோ தேங்காய்நார்த் தூளோ ஒரு கை. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர். தண்ணீர் கோத்துக்கொண்டால் காய்ந்தது சேர்க்கணும், காய்ந்துபோனால் தெளிக்கணும். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இன்னொன்று. இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வரும். ஹோவார்டின் குவியலில் நடந்ததுதான் பானைக்குள்ளும் நடக்கிறது.

ஆனால் இதையே எல்லோருக்கும் தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் பானை எங்கே வைப்பது? இருக்கும் வீட்டிலும் பிரிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான். ‘மூலத்தில் தரம் பிரித்தல்’ என்ற சொல்லுக்குள் அவர்களுடைய கூடுதல் உழைப்பு இருக்கிறது, அதைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. நாம் பிரிக்காமல் விட்டால் அந்த வேலை மறைந்துவிடுவதும் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருநாள் சொன்னார்: ‘நீங்க ரெண்டா குடுத்தா எனக்கு அரை மணி நேரம் மிச்சம் சார். கலந்து குடுத்தா நான்தான் கை விட்டுப் பிரிக்கணும். உள்ள நாப்கின் இருக்கும், ஊசி இருக்கும், என்ன வேணா இருக்கும்.’ கக்கூஸ் வாளி ஒழிந்தது. ஆனால் நம் கழிவுக்குள் கை விடுகிறவர்கள் யார் என்பது பெரிதாக மாறவில்லை. பிரித்துக் கொடுப்பதைச் சுற்றுச்சூழல் கடமை என்பதைவிட அந்தக் கைக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் பேருக்குப் புரியலாம்.

கெடிஸும் ஹோவார்டும் இருந்த இந்தூர் 2017 முதல் தொடர்ந்து நாட்டின் சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது. 2022இல் அங்கே நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலை திறந்தார்கள். ஆலை வந்ததால் குப்பை பிரியவில்லை. வீட்டிலேயே பிரிந்து வந்ததால்தான் ஆலை ஓடுகிறது. வாங்கிக்கொள்ள அங்கே ஒரு வாய் இருக்கிறது: பேருந்துகள்.

நம் பக்கத்தில் அந்த வாய் எது? வயல் இல்லை என்பது உண்மை. ஆனால் மொட்டைமாடித் தோட்டங்கள் இருக்கின்றன, நர்சரிகள் இருக்கின்றன, சாலை நடுவே மாநகராட்சி வளர்க்கும் செடிகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் திருவள்ளூர்ப் பக்கம் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. அவர்கள் கை நீட்டி வாங்கும் அளவுக்கு உரம் சுத்தமாக இருந்தால் எருக்குழியின் கணக்கு திரும்ப ஓடும். அதனால் நம் பகுதி உர மையத்தைப் பற்றி அதிகாரியிடமோ கவுன்சிலரிடமோ கேட்க வாய்ப்புக் கிடைத்தால், எத்தனை டன் குப்பை உள்ளே வந்தது என்று கேட்டுவிட்டு நிற்கக் கூடாது. போன மாதம் எத்தனை மூட்டை உரம் வெளியே போனது, யார் வாங்கினார்கள், திரும்ப வந்து வாங்கினார்களா என்று கேட்க வேண்டும். கிடங்கு என்றால் சரக்கு உள்ளே வரவும் வேண்டும், வெளியே போகவும் வேண்டும். உள்ளே மட்டும் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் மேடு.